கார் ஏசி பேனல் போச்சுன்னு சொன்னா சித்தெ நில்லுங்க: 11,800 ரூவா போன கதை

கோயமுத்தூர்ல கார் ஏசி வேலை பாக்கற ஒரு கடைங்க. பேரு போடல, போட்டா நோட்டீஸ் அது இதுன்னு வருவாங்க. 11,800 ரூவா போச்சு, வயிறு எரியுது. எப்படி ஏமாத்தறாங்க, பேனல் (டேஷ்போர்டுல ஏசி நாப், பட்டன் இருக்கற பலகை) நல்லாருக்குதா இல்லையான்னு எப்படிப் பாக்கறது, ரெண்டையும் சொல்றேன்.

என்ற வண்டி 2014 மாடல், சாதா மேனுவல் ஏசி. மூணு நாப், ஏசி பட்டன் ஒண்ணு. தை மாசம் ஊட்டி போறப்ப குன்னூர் தாண்டுனதும் ஒரே மூடுபனி, கண்ணாடில உள்பக்கமா ஆவி புடிக்குது, சரி ஹீட்டரப் போடலாம்னு பார்த்தா புளோயர், அதான் காத்தத் தள்ளற ஃபேன், 1, 2, 3-ல காத்தே வரல, 4-ல வெச்சா மட்டும் பேய்க்காத்து. ஊட்டுக்காரி துண்டுல தொடச்சுட்டே வந்தா.

எறங்கி வந்த கையோட அந்தக் கடைக்குப் போனேன். "எந்த ஊருங்ணா?"ன்னாரு ஓனரு. பெருந்துறைப் பக்கம்னேன். "அட, எங்க அம்மிச்சி ஊரு அங்கதானுங்"ன்னு சேரத் தொடச்சுப் போட்டு டீ சொல்லி, தோட்டத்துல தண்ணி இருக்குதுங்களா, மஞ்ச என்ன வெலை போவுதுன்னு அரை மணி நேரம் பேச்சு. அந்தப் பேச்சுக்குத்தாங்க 11,800. அப்பறம் ஸ்டியரிங்குக்கு அடில ஒரு ஸ்கேனரச் சொருகி செகப்பு எழுத்துல ஏதோ எரர் கோடு (code) காமிச்சு, "பாருங்ணா, கன்ட்ரோல் பேனல் போர்டு அவுட்டு, செட்டோட மாத்தணும், நம்மூருக்காரரு, உங்களுக்காக 11,800". மேனுவல் பேனல்னா உள்ள இருக்கறது சுவிட்சும் கேபிளுந்தான், அதுல ஸ்கேன் பண்ண என்ன கெரகம் இருக்குதுன்னு இப்பத்தான் தெரியுது.

சாயங்காலம் வண்டி ரெடி, 1, 2, 3 எல்லாம் வேலை செஞ்சுது. பில்லு கேட்டா துண்டுச் சீட்டுல எழுதிக் குடுத்தாரு, பழைய பேனலக் கேட்டா "கம்பெனிக்கு ரிட்டர்ன் போகணுங்ணா". கொஞ்ச நாள்ல மறுக்கா அதே சோலி, 4 மட்டும். போன் போட்டேன். "கேஸ் கம்மியா இருக்கும்ங்ணா". கேஸ் கம்மின்னா கூலிங் வராது, காத்து எப்படிங்க நிக்கும்? அடுத்த தடவ "மாஸ்டர் பழனிக்கு நடந்து போயிருக்காரு". அப்பறம் "எலெக்ட்ரிகல் சாமானுக்கு வாரண்டி கெடையாது சார்". அண்ணா எப்ப சார் ஆச்சோ அப்பவே தெரிஞ்சு போச்சு. அதுக்கு மேல போனே எடுக்கறதில்ல.

பெருந்துறைலயே ஒரு வயர்மேன் கிளவ் பாக்ஸக் கழட்டி, புளோயர் பக்கத்துல இருக்கற ரெசிஸ்டர, அதான் கரண்டக் கொறைச்சு ஃபேன் வேகத்தக் கொறைக்கற சாமான, உருவிக் காமிச்சாரு. பிளக்கு பிளாஸ்டிக் உருகி பழுப்பாகிக் கெடக்குது. 1, 2, 3 இந்த ரெசிஸ்டர் வழியாப் போகுமாம், 4 மட்டும் நேரா மோட்டாருக்கு. அதுனால ரெசிஸ்டர் போனாலும் 4 ஓடும். புளோயருக்குள்ள தூசியும் எலைச்சருகும் அடைச்சு மோட்டார் இறுகி, கரண்ட் எச்சா இழுத்து அது கருகியிருக்குது. கடைக்காரரு அந்தப் பிளக்கக் கழட்டிச் சுரண்டி மாட்டிருப்பாரு, அதான் கொஞ்ச நாள் ஓடிருக்குது. பேனல்ல இருந்து கரண்ட் வருதான்னு பாக்கப் பிளக்குல டெஸ்ட் லைட்ட வெச்சு நாப்பத் திருகுனாரு, ஒவ்வொரு நம்பருக்கும் லைட்டு எரியுது. பேனல்ல ஒரு கோளாறும் இல்ல. ரெசிஸ்டர், பிளக்கு, கூலி எல்லாஞ் சேத்தி 900 ரூவா.

இதுல பெரிய கொடுமை என்னன்னா, டார்ச்சச் சாச்சு அடிச்சுப் பார்த்தா ஏசி பட்டனுக்கு மேல என்ற சின்னவன் சாவில கிழிச்ச கோடு அப்படியே இருக்குதுங்க! அதே பேனலு, மேல பாலிஷ் போட்டு மாட்டிருக்காங்க. புதுசுன்னு சொல்லி 11,800.

நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் சொல்லிருக்கேன், பாக்கலாம்.

4 மட்டும் ஓடுனா மொதல்ல ரெசிஸ்டரப் பாக்கச் சொல்லுங்க. எதுலயுமே காத்து வரலைன்னா பியூஸு, அப்பறம் மோட்டாருக்கு 12 வோல்ட் வருதான்னு உங்க கண்ணு முன்னாடி மீட்டர் வெக்கச் சொல்லுங்க. பழைய சாமான் கைக்கு வராம காசக் குடுக்காதீங்க, கழட்டறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்துக்குங்க. ஹீட்டர் சூடு வராததுக்கு எப்படிப் பாக்கறதுன்னும் எழுதலாம்னுதான் இருந்தேன், இப்ப அதுக்குப் பொறுமை இல்லீங்க.