எலியின் நடையை எதைக் கொண்டு அளப்பது?

இடுப்பிலிருந்து பின்னங்காலுக்கு ஓடும் சயாட்டிக் நரம்பு நசுங்கிய எலிக்குச் சிகிச்சை கொடுத்தாயிற்று. நடை தேறியிருக்கிறதா? பழைய வழி, பாதத்தில் மை தடவி நீளக் காகிதத்தில் நடக்கவிடுவது. 1982இல் டி மெடினசெலி என்ற ஆய்வாளரின் குழுவினர் இப்படிப்பட்ட காலடித் தடங்களை அளந்துதான், அந்த நரம்பு எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் குறியீட்டெண்ணை வகுத்தார்கள். செலவே இல்லை. எலி நடுவழியில் நின்று காலை நக்கினால் அந்தத் தாள் குப்பைக்குப் போகும், அவ்வளவுதான்.

அதன் நவீன வாரிசு, 'கேட்வாக்' போன்ற கண்ணாடிப் பாதை. கண்ணாடியின் விளிம்பு வழியாகப் பாயும் பச்சை ஒளி உள்ளேயே எதிரொளித்துக்கொண்டிருக்கும். பாதம் படும் இடத்தில் மட்டும் சிதறிப் பளிச்சிடும். கீழே இருக்கும் கேமரா அதைப் பிடிக்கிறது. எந்தக் கால் எப்போது ஊன்றியது, எவ்வளவு நேரம் ஊன்றியது என்பதற்கு இதைவிட நல்ல கருவி வேண்டாம். ஆனால் பாதத்துக்கு மேலே கால் எப்படி மடங்குகிறது என்று இதைக் கேட்கக் கூடாது.

அதற்குத்தான் மோஷன் கேப்சர், அதாவது உடலில் ஒட்டிய குறிகளைக் கேமராவால் பின்தொடரும் முறை. இடுப்பெலும்பு, தொடை மூட்டு, முட்டி, கணுக்கால், விரல் ஆகிய இடங்களில் மயிரை மழித்து, ஒளியைத் திருப்பும் குட்டி மணிகளை ஒட்டுகிறார்கள். எலி அவற்றைக் கடித்துப் பிய்த்துவிடும் என்பது சின்னத் தொல்லை. பெரிய தொல்லை முட்டி. அங்கே தோல் தொளதொளவென்று இருப்பதால் எலும்பு ஒரு பக்கம் போக, மணி வேறு பக்கம் நிற்கும். எக்ஸ்ரே படத்தோடு ஒப்பிட்டவர்கள், முட்டியின் கோணம் பெருமளவு பிசகுவதைக் கண்டிருக்கிறார்கள். ஆகவே பலர் முட்டியில் இருக்கும் மணியை நம்புவதில்லை. தொடையெலும்பு, கீழ்க்காலெலும்பு இரண்டின் நீளத்தையும் அளந்து, இடுப்புக்கும் கணுக்காலுக்கும் இடையே முக்கோணம் போட்டு முட்டியின் இடத்தைக் கணக்கிடுகிறார்கள்.

2018இல் வந்த 'டீப்லேப்கட்', வீடியோவில் மூட்டுகளைத் தானே அடையாளம் காணும் மென்பொருள், மணியையும் மழிப்பையும் ஒழித்துவிட்டது. சுமார் 200 ஃப்ரேம்களில் நாம் புள்ளி வைத்துக் காட்டினால் மிச்சத்தை அதுவே பழகிக்கொள்ளும். இலவசமும்கூட. இதோடு முட்டிச் சிக்கலும் தீர்ந்தது என்று சிலர் பேசுவதைக் கேட்டால் சிரிப்பு வருகிறது. புள்ளி வைக்கும் மனிதரும் தோலைப் பார்த்துத்தானே வைக்கிறார்! அதே பிசகை அது பிசகாமல் கற்றுக்கொள்ளும்.

புதிதாகத் தொடங்கும் ஆய்வகத்துக்கு என் பரிந்துரை: ஊன்றும் நேரம் போதுமென்றால் கண்ணாடிப் பாதை. மூட்டுகள் வேண்டுமென்றால் வேகக் கேமரா இரண்டு, டீப்லேப்கட், முட்டிக்கு அதே முக்கோணம். முட்டியே கேள்வி என்றால் எக்ஸ்ரே தவிர வழியில்லை.

எதை வாங்கினாலும் நடைவேகத்தைக் குறித்துவையுங்கள். மெதுவாக நடக்கும் எலி காலை அதிக நேரம் ஊன்றும். அதை நோயின் கணக்கில் எழுதிவிடுவது எளிது. வேகத்தை ஒரே சீராக வைக்க ட்ரெட்மில் இருக்கிறது. எலிக்கு மனமில்லையென்றால் பட்டையோடு பின்னால் போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொள்ளும். அன்றைய வேலை அதோடு முடிந்தது.