எம்.மெட். சீட் என்று 6,80,000 ரூபாயை விட்டேன்: டாக்டர்களே, உஷார்

நேற்று மதியம் வாட்ச்மேன் என்னை உள்ளேயே விடவில்லை. நான் 6,80,000 ரூபாய் கட்டிய அலுவலகம் அது. பெயரை எழுதினால் கேஸ் போடுவார்களாம். சென்னையில், வெளிநாட்டு மெடிக்கல் சீட் வாங்கித் தரும் கன்சல்டன்சி என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

நான் எம்பிபிஎஸ். நீட் பிஜி இரண்டு தடவை எழுதியும் சர்ஜரி கிடைக்கிற ரேங்க் வரவில்லை. நர்சிங் ஹோமில் நைட் டியூட்டி பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது: "உகாண்டாவில் எம்.மெட். சர்ஜரி, நீட் பிஜி தேவையில்லை, ஸ்டைபெண்ட் உண்டு." எம்.மெட். என்றால் நம் ஊர் எம்.டி., எம்.எஸ். மாதிரி முதுநிலை மருத்துவப் பட்டம்.

அந்தக் கன்சல்டன்சியில் உட்கார்ந்திருந்தவர் விஷயம் தெரிந்த ஆள். உகாண்டா தலைநகர் கம்பாலாவில் 1924-இல் தொடங்கிய மக்கரேரே மருத்துவப் பள்ளி, அங்குள்ள முலாகோ மருத்துவமனை, தான்சானியாவின் முகிம்பிலி மருத்துவப் பல்கலைக்கழகம் என்று அடுக்கினார். அதெல்லாம் உண்மைதான். சீட் மட்டும் "அதே கம்பாலாவில் இன்னொரு யுனிவர்சிட்டி". அன்றைக்கே 50,000 அட்வான்ஸ் நீட்டினேன். வாங்கவில்லை. "அவசரமே இல்ல டாக்டர், அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க" என்று பணத்தை என் கையிலேயே திருப்பி வைத்தார். அங்கேதான் நான் விழுந்தேன். மறுவாரம் அம்மாவையே கூட்டிக்கொண்டு போனேன். அம்மாவின் நகையை அடகு வைத்த 3,50,000, என் சேமிப்பு, மாமா கொடுத்தது எல்லாம் சேர்த்து 6,80,000.

பிடிஎஃப்பில் அட்மிஷன் லெட்டர் வந்தது. விசா வரவில்லை. முதலில் "அங்கே செமஸ்டர் லீவு". பிறகு "டீன் மாறிட்டார்". பிறகு "சார் நைரோபி போயிருக்கார்". அந்தச் சார் உள்ளே டீ குடிப்பது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. நானே பல்கலைக்கழகத்துக்கு மெயில் போட்டேன். இந்தப் பெயரில் விண்ணப்பமே வரவில்லை என்று இரண்டே நாளில் பதில். பணத்தைக் கேட்டால் ரசீதைப் படிக்கச் சொல்கிறார்கள். "ஆலோசனைக் கட்டணம், திருப்பித் தரப்படாது" என்று பொடி எழுத்தில் இருக்கிறது. 6,80,000 ரூபாய்க்கு அப்படி என்ன ஆலோசனை?

சீட் நிஜமாகவே இருந்திருந்தாலும் பிரயோஜனம் இல்லை என்பது இன்னொரு வயிற்றெரிச்சல். அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இந்த ஐந்து நாட்டு முதுநிலைப் பட்டங்களைத்தான் இந்தியாவில் ஏற்கிறார்கள். உகாண்டா எம்.மெட்.டோடு திரும்பி வந்தால் இங்கே நான் வெறும் எம்பிபிஎஸ். ஸ்டைபெண்டா? அங்கே எம்.மெட். படிக்கும் உள்ளூர் டாக்டர்களே உதவித்தொகை கேட்டு ஸ்டிரைக் செய்தவர்கள். அங்குள்ள பயிற்சி மட்டம் என்று சொல்ல வரவில்லை. 1999-இல் தொடங்கிய கோசெக்சா என்கிற அறுவை மருத்துவர் கல்லூரி, கிழக்கு, மத்திய, தெற்கு ஆப்பிரிக்க நாடுகளில் மருத்துவமனையிலேயே வைத்து சர்ஜன்களை உருவாக்குகிறது. அங்கேயே வேலை பார்க்கப் போகிறவருக்கு அது சரி. பத்து நிமிடம் தேடியிருந்தால் எனக்கும் தெரிந்திருக்கும்.

சரி, கவனிக்க வேண்டியவை. பணம் கட்டும் முன் பல்கலைக்கழகத்துக்கு நீங்களே மெயில் போடுங்கள். ஃபீஸை அவர்கள் கணக்குக்கே அனுப்புங்கள். ரசீதை அங்கேயே நின்று படியுங்கள். அந்த நாட்டு மெடிக்கல் கவுன்சில் பதிவு பற்றி வாய் திறக்காத ஏஜென்டிடம் உட்காராதீர்கள். இன்னும் எழுத நினைத்தேன், ஸ்டேஷனுக்கு நாலு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அம்மா ரசீதுகளை எடுத்துவைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறார்.