ராபின்சன்ஸ் போச்சு, முஸ்தபா நிக்குது

ராபின்சன்ஸ் சிங்கப்பூர்ல 1858ல ஆரம்பிச்ச ஒரு பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோருங்க, 1972ல ராஃபிள்ஸ் பிளேஸ்ல தீப்பிடிச்சு எரிஞ்சப்பகூட மறுபடி எந்திரிச்சு நின்னுச்சு, ஆனா 2020 அக்டோபர்ல மூடப்போறோம்னு சொன்னதும் எனக்கு மனசே ஆறல. சேல் போட்டா எங்கம்மாவும் பெரியம்மாவும் துண்டு, பெட்ஷீட் வாங்க காலைலயே கிளம்பிடுவாங்க, துண்ட விரிச்சு ஓரத்தையல கண்ணுகிட்ட வச்சுப் பார்த்துதான் எடுப்பாங்க, சேல்ஸ் அக்காவும் முகம் சுளிக்காம அடுத்ததப் பிரிச்சுக் காட்டுவாங்க.

லிட்டில் இந்தியால இருக்குற முஸ்தபா கடைல அந்தக் கவனிப்பு கிடையாது, கூடையத் தூக்கிட்டு இடிபட்டுதான் நடக்கணும். ஆனா பொன்னி அரிசி, மருந்து, நகை, ஊருக்கு எடுத்துட்டுப் போற பெட்டி, பணம் மாத்துறதுன்னு எல்லாமே சையது ஆல்வி ரோட்டுல ஒரே கூரைக்குக் கீழ. சொந்த இடம் வேற. ராபின்சன்ஸுக்கு மால் வாடகை, அதுல வித்த சட்டையும் சட்டியும் ஆன்லைன்லயே கிடைக்க ஆரம்பிச்சிருச்சு, அப்புறம் கொரோனா, எப்படித் தாங்கும்?

கொரோனால முஸ்தபாவும் அடிவாங்கினதுதான், 24 மணிநேரம் திறந்திருந்தது நின்னு போச்சு. அத மட்டும் திரும்பக் கொண்டுவந்தா நல்லாருக்கும், நைட் ஷிஃப்ட் முடிச்சு வர்ற தம்பிங்களுக்கு அது எவ்வளவு உதவியா இருந்துச்சு.