மகாராஷ்டிர ஆர்டிஇ 25 சதவீத இடம்: மும்பைத் தமிழ்க் குடும்பங்களுக்கு எந்த அளவுக்கு உதவும்?

கட்டாயக் கல்விச் சட்டத்தின் (ஆர்டிஇ) 12(1)(சி) பிரிவுப்படி தனியார் பள்ளிகள் தங்கள் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடங்களை ஏழை, ஒடுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளைகளுக்குத் தர வேண்டும். எட்டாம் வகுப்பு முடியும்வரை கட்டணம் கிடையாது. மகாராஷ்டிரத்தில் விண்ணப்பம் முழுக்க இணையத்தில்தான். மாநிலம் முழுமைக்கும் ஒரே குலுக்கல். அந்தக் குலுக்கலில் குறை சொல்ல அதிகம் இல்லை, சிபாரிசுக்கு அங்கே வேலையும் இல்லை. தாராவி, சயான் கோலிவாடா பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள் பலர் குலுக்கல்வரை போய்ச் சேருவதே இல்லை என்பதுதான் கோளாறு. காகிதத்திலேயே கழிந்துவிடுகிறார்கள்.

முதலில் சாதிச் சான்றிதழ். பட்டியல் சாதி, பழங்குடி, ஓபிசி போன்ற பிரிவுகளில் விண்ணப்பித்தால் வருமான வரம்பு இல்லை. ஆனால் வேறு மாநிலச் சான்றிதழ் செல்லாது. திருநெல்வேலியில் தாசில்தார் கையெழுத்திட்டுக் கொடுத்த ஆதிதிராவிடர் சான்றிதழை வைத்து இங்கே ஒன்றும் செய்ய முடியாது. பட்டியல் மாநிலவாரியானது, ஒரு மாநிலத்துச் சலுகை இடம்பெயர்ந்தவரோடு கூடப் போகாது என்று உச்ச நீதிமன்றம் 1990லும் 1994லும் சொன்ன தீர்ப்புகள்தான் இதற்கு அடிப்படை. பட்டியல் சாதிக்கான மகாராஷ்டிரச் சான்றிதழ் வேண்டுமென்றால் 10 ஆகஸ்ட் 1950க்கு முன்பே குடும்பம் இங்கே குடியிருந்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும். ஓபிசி என்றால் 13 அக்டோபர் 1967. தாத்தாவின் பள்ளி மாற்றுச் சான்றிதழ், பழைய பிறப்புப் பதிவு, மில் அல்லது ரயில்வே வேலைப் பதிவு எதுவும் இருந்தால் தேடி எடுங்கள். அது கிடைத்தாலும் உங்கள் சாதிப் பெயர் இந்த மாநிலப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே அலையுங்கள். பெயரே இல்லையென்றால் ஆதாரம் இருந்தும் பயனில்லை.

அந்த வழி அடைபட்டால் மிச்சம் இருப்பது நலிந்த பிரிவு. ஆண்டு வருமானம் ஒரு லட்சத்துக்குள் என்று தாசில்தார் சான்றிதழ் வேண்டும். மாதத்துக்கு 8,333 ரூபாய். மும்பையில் கோலி எனப்படும் ஒற்றை அறை வீட்டின் வாடகையே அதில் பாதிக்கு மேல் தின்றுவிடும். அந்த வருமானத்தில் ஒரு குடும்பம் எப்படிப் பிழைக்கும் என்று வரம்பு வைத்தவர்கள்தான் சொல்ல வேண்டும். தலைமுறை தலைமுறையாகத் தோல் பட்டறையிலும் துப்புரவிலும் உழைத்த தலித் குடும்பம் மாதம் பன்னிரண்டாயிரம் சம்பாதித்தால், ஊர்ச் சான்றிதழ் செல்லாததால் ஒரு கதவு, வருமானத்தால் இன்னொரு கதவு என்று இரண்டும் சாத்தப்படுகின்றன. இந்தத் திட்டத்தின் மிகப் பெரிய ஓட்டை இதுதான்.

முகவரி ஆதாரத்துக்கு ரேஷன் கார்டு, மின்கட்டண ரசீது, வாக்காளர் அட்டை, ஆதார், தேசிய வங்கி பாஸ்புக் போன்றவை போதும். எதுவும் இல்லாதவர்கள்தான் வாடகை ஒப்பந்தம் காட்டுவார்கள். அங்கேதான் அதிகம் அடிபடுகிறது. நோட்டரி முத்திரை போட்ட தாள் ஏற்கப்படாது. துணைப் பதிவாளரிடம் பதிவான ஒப்பந்தம் வேண்டும், குறைந்தது 11 மாதக் காலம் இருக்க வேண்டும், விண்ணப்பம் போடும் நாளுக்கு முந்தைய தேதியாகவும் இருக்க வேண்டும். குலுக்கலில் பெயர் வந்த பிறகு ஓடிப்போய்ப் பதிவு செய்தால் சரிபார்ப்புக் குழு தள்ளிவிடும்.

படிவம் மராத்தியிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது, தமிழில் இல்லை. மொழியைவிடப் பெயர்தான் அதிகம் படுத்துகிறது. தன் பெயர், அப்பா பெயர், குடும்பப் பெயர் என்று இங்கே மூன்று கட்டம். இனிஷியலோடு வாழும் நமக்கு மூன்றாவது கட்டத்தில் எழுத ஒன்றும் இல்லை. நெட் சென்டர்க்காரர் தோன்றியதைப் போட்டுவிடுவார். பிறப்புச் சான்றிதழோடு அது ஒத்துப்போகாது. சான்றிதழில் உள்ளபடியே எழுதச் சொல்லி, அனுப்பும் முன் எழுத்தெழுத்தாகப் பாருங்கள். கைப்பேசி எண்ணும் உங்களுடையதாக இருக்கட்டும். கடைக்காரர் எண்ணைக் கொடுத்தால் கடவுச்சொல்லும் குறுஞ்செய்தியும் அவரோடு போய்விடும். விண்ணப்பத்துக்கு அரசுக் கட்டணம் ஒரு பைசாகூட இல்லை.

வரைபடத்தில் வீட்டைக் குறிக்கும் சிவப்பு பலூனைக் கவனமாக வையுங்கள். ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் பிள்ளைக்கே முன்னுரிமை. சந்துக்குள் சந்தாகப் போகும் தாராவியில் பலூன் சற்று நகர்ந்தாலும் தூரம் மாறும். சரிபார்ப்பில் இடம் தவறென்று தெரிந்தால் சேர்க்கை ரத்து. பத்துப் பள்ளிகள்வரை தேர்ந்தெடுக்கலாம். ஒரே பிள்ளைக்கு இரண்டு விண்ணப்பம் போடாதீர்கள், இரண்டும் போய்விடும்.

பட்டியலில் நம் ஆட்கள் நடத்தும் பள்ளியைத் தேடினால் ஏமாற்றம்தான். மொழிச் சிறுபான்மை அந்தஸ்து பெற்ற பள்ளிகளை இந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது என்று 2014 மே 6 அன்று பிரமதி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழர் அறக்கட்டளைப் பள்ளி தமிழ்ப் பிள்ளைக்கு 25 சதவீத இடம் தர வேண்டியதில்லை. சிறுபான்மை உரிமை நிர்வாகத்துக்குக் கிடைத்தது, கோலியில் இருக்கும் பிள்ளைக்கு அல்ல. விரும்பிக் கொடுப்பவர்களும் இருக்கலாம், நேரில் கேட்டுப் பாருங்கள்.

2024 பிப்ரவரியில் அரசு ஒரு திருத்தம் கொண்டுவந்தது: ஒரு கிலோமீட்டருக்குள் அரசுப் பள்ளி இருந்தால் தனியார் பள்ளிக்கு விலக்கு. மும்பையில் அது திட்டத்தையே முடித்திருக்கும். ஜூலையில் பம்பாய் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்ததால் வழி திறந்திருக்கிறது.

சேர்ந்த பிறகும் உரசல் உண்டு. அரசு பள்ளிக்குத் திருப்பித் தரும் உச்சத்தொகை பிள்ளைக்கு ஆண்டுக்கு 17,670 ரூபாய். அதுவும் பாக்கி விழுகிறது என்பது பள்ளிகளின் நெடுநாள் புகார். அந்த எரிச்சல் புத்தகம், சீருடை, சுற்றுலா என்ற பெயரில் பெற்றோர் தலையில் இறங்கும். கேட்பதை எழுத்தில் கேளுங்கள், ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள், மாநகராட்சிக் கல்வி அதிகாரிக்கு எழுதுங்கள். ஒன்பதாம் வகுப்பில் முழுக் கட்டணம் தொடங்கும். பத்துப் பள்ளிகளைத் தேர்ந்தெடுக்கும்போதே அவற்றின் ஒன்பதாம் வகுப்புக் கட்டணத்தையும் விசாரித்துக் குறித்துக்கொள்ளுங்கள்.