பழைய ரேடியான் கார்டில் ஏஎம்டிஜிபியு டிரைவர்: நீண்டநாள் பயன்பாட்டு அனுபவம்

ஹெச்டி 7750, 7770, 7850, 7870, 7970, ஆர்7 260எக்ஸ், ஆர்9 290. இவை ஏஎம்டியின் பழைய ரேடியான் கிராபிக்ஸ் கார்டுகள். இவற்றில் ஒன்று உங்கள் லினக்ஸ் கணினியில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் தொடர்ந்து படியுங்கள். விண்டோஸ் பக்கம் ஏஎம்டி இந்தக் கார்டுகளை 2021 ஜூனிலேயே ஓரங்கட்டிவிட்டது. லினக்ஸிலோ, அதன் மையப் பகுதியான கர்னலின் 6.19 பதிப்பு முதல் இவை பழைய ரேடியான் டிரைவரை விட்டு, இன்றைய கார்டுகளுக்கான ஏஎம்டிஜிபியு டிரைவருக்குத் தாமாகவே மாறுகின்றன. இதைச் சாத்தியமாக்கிய வேலையில் பெரும்பங்கு, வால்வ் நிறுவனத்துக்காக லினக்ஸ் கிராபிக்ஸில் உழைக்கும் டிமூர் கிரிஷ்டோஃப் என்ற பொறியாளருடையது.

மாறுவதால் கிடைக்கும் முதல் பலன் வல்கன், அதாவது கேம்கள் கிராபிக்ஸ் கார்டுடன் பேசும் நவீன இடைமுகம். ரேடியான் டிரைவரில் அதற்கு முந்தைய ஓப்பன்ஜிஎல் மட்டும்தான். வல்கனுக்கான டிரைவரான ராட்வி, ஏஎம்டிஜிபியு இருந்தால்தான் கார்டைத் தொடும். ஸ்டீமில் புரோட்டான் வழியாக விண்டோஸ் கேம் ஓட்டுபவர்களுக்கு இது வாழ்வா சாவா பிரச்சினை. டைரக்ட்எக்ஸ் 11 கேம்களை வல்கனுக்கு மாற்றித் தரும் டிஎக்ஸ்விகே, 2.0 பதிப்பிலிருந்து வல்கன் 1.3 இல்லாமல் நகராது. இந்தக் கார்டுகளில் ராட்வி அதைக் கொடுக்கிறது.

இந்தக் கார்டுகளுக்கான ஆதரவு ஏஎம்டிஜிபியுவுக்குள் சோதனை நிலையில் பல ஆண்டுகளாகவே இருந்தது. பூட் ஆகும்போது கர்னலுக்கு ஓர் அளவுரு கொடுத்தால் யாரும் மாறிக்கொள்ளலாம். ஆனால் எல்லோருக்கும் இயல்பாக்க முடியாதபடி ஓட்டைகள் இருந்தன. டிமூரின் பங்களிப்பின் மதிப்பே அந்த ஓட்டைகளை ஒவ்வொன்றாக அடைத்ததில்தான் இருக்கிறது. புதிய வசதி சேர்ப்பதைவிட இது கடினம் என்பது என் கருத்து. பதினைந்து வயதை நெருங்கும் சிப்பை மேசையில் வைத்துச் சோதிக்க வேண்டும், ஆவணங்களும் அரிது.

முக்கியமான ஓட்டை விஜிஏ. ஏஎம்டிஜிபியுவின் நவீன டிஸ்ப்ளே பகுதியான டிசி, டிஜிட்டல் இணைப்புகளை மட்டுமே அறிந்திருந்தது. விஜிஏ, டிவிஐ-ஐ சாக்கெட்டில் வரும் அனலாக் சிக்னலுக்கு அதில் இடமே இல்லை. அதனால் பழைய கர்னலில் யாராவது டிசி அளவுருவை 1 ஆக்கினால், விஜிஏ கேபிளில் மாட்டிய மானிட்டர் கறுத்துப்போகும். கார்டு கெட்டுவிட்டது என்று முடிவு கட்டியவர்களும் உண்டு. டிமூர் டிசிக்குள் அனலாக் ஆதரவைச் சேர்த்தார். தன் அடையாளத் தகவலைச் சொல்லாத மானிட்டரைக்கூட, சிக்னல் பின்னில் மின்சுமை இருக்கிறதா என்று சோதித்துக் கண்டுபிடிக்கும் வழியும் அதில் அடக்கம்.

இன்னொன்று திரை அடிப்பகுதியில் வரும் மினுக்கல். டிஸ்ப்ளேபோர்ட்டில் 4கே, 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் மாட்டினால் சில கார்டுகளில் இது தெரியும். நினைவக வேகம் ஏறி இறங்கும் தருணம், இரண்டு ஃபிரேம்களுக்கு இடையிலான சிறு இடைவெளிக்குள் முடிய வேண்டும். பிக்சல் வேகம் கூடினால் அந்த இடைவெளி போதாது. தீர்வாக, அந்த நிலையில் வேகம் மாறுவதையே அவர் நிறுத்திவைத்தார். மினுக்கல் போய்விடுகிறது. பதிலுக்கு, சும்மா இருக்கும்போதும் நினைவகம் உச்ச வேகத்திலேயே ஓடும். கார்டு கொஞ்சம் சூடாகவே இருக்கும், மின்விசிறிச் சத்தமும் கூடலாம். சரியான பேரம்தான். 7000 வரிசைக் கார்டுகளில் ஹெச்.264 வீடியோ பதிவுக்கான விசிஇ பகுதியும் ரேடியானில் மட்டுமே வேலை செய்தது. அதுவும் இப்போது வந்துவிட்டது.

6.19க்கு முந்தைய கர்னல் என்றால் கைமுறையாக மாற்றுங்கள். முதலில் எல்எஸ்பிசிஐ கட்டளையை 'கே' சுவிட்சுடன் ஓட்டி, எந்த டிரைவர் பயன்பாட்டில் இருக்கிறது என்று பாருங்கள். ரேடியான் என்று வந்தால், பூட் மெனுவைத் தரும் கிரப்பின் அமைப்புக் கோப்பில் உள்ள கர்னல் வரியில் எஸ்ஐ_சப்போர்ட் அளவுருவை ரேடியானுக்கு 0, ஏஎம்டிஜிபியுவுக்கு 1 என்று எழுதுங்கள். 260எக்ஸ், 290 போன்றவற்றுக்கு அதே இடத்தில் சிஐகே_சப்போர்ட். பிறகு கிரப்பைப் புதுப்பித்து மறுபடி பூட் செய்யுங்கள். நிரந்தரமாக எழுதும் முன், பூட் மெனுவில் 'இ' அழுத்தி ஒருமுறை மட்டும் சோதித்துப் பார்ப்பது நல்லது. திரை வராவிட்டால் ரீசெட் போதும், பழையபடி திரும்பிவிடும்.

இந்த இடத்தில் அதிகம் சொதப்புவது ஃபர்ம்வேர், அதாவது டிரைவர் கார்டுக்குள் ஏற்றும் சிறு மென்பொருள். இரண்டு டிரைவர்களும் வெவ்வேறு கோப்புறையில் இருந்து ஃபர்ம்வேரை எடுக்கின்றன. பூட்டின் தொடக்கத்தில் ஏறும் கோப்புத் தொகுப்பான இனிட்ராம்எஃப்எஸ்ஸை ரேடியான் ஓடிய காலத்தில் கட்டியிருந்தால், ஏஎம்டிஜிபியுவின் கோப்புகள் அதில் இல்லாமல் போகலாம். கர்னல் பதிவில் ஃபர்ம்வேர் ஏற்றம் எரர் -2 என்று தோற்றிருந்தால் காரணம் அதுதான். லினக்ஸ்-ஃபர்ம்வேர் தொகுப்பைப் புதுப்பித்து, இனிட்ராம்எஃப்எஸ்ஸை மறுபடி கட்டினால் சரியாகும்.

எந்த டிரைவராலும் தீராத குறைகளும் உண்டு. இந்தக் கார்டுகளின் வீடியோ பகுதிக்கு ஹெச்.264 தெரியும், விபி9, ஏவி1 தெரியாது. யூடியூப் அந்த வடிவங்களைக் கொடுத்தால் சுமை முழுவதும் சிபியுவுக்குப் போகும்; ஹெச்.264ஐ வற்புறுத்தும் பிரவுசர் நீட்சி உதவும். 1 ஜிபி கார்டில் பிரவுசரும் கேமும் சேர்ந்து திறந்தால் நினைவகம் நிரம்பி, கணினியின் ரேமுக்கு வழிந்து, திணறல் தொடங்கும். கேமின் டெக்ஸ்சர் தரத்தைக் குறைப்பதே வழி.

காவேரி, கபினி போன்ற, சிபியுவும் கிராபிக்ஸும் ஒருங்கிணைந்த ஏஎம்டி சிப்கள் 6.19இலும் இயல்பாக ரேடியானிலேயே இருக்கின்றன. சில போர்டுகளில் விஜிஏவுக்கோ லேப்டாப் திரைக்கோ ஏற்றபடி சிக்னலை மாற்றித் தரும் பிரிட்ஜ் சிப்களுக்கு ஏஎம்டிஜிபியுவில் ஆதரவு இல்லாததே காரணம். உங்கள் போர்டில் ஹெச்டிஎம்ஐ மட்டும் பயன்படுத்துகிறீர்கள் என்றால், மேலே சொன்ன சிஐகே_சப்போர்ட் அளவுருவை வைத்து முயன்று பார்க்கலாம்.