ஆபீஸ்ல வெடிகுண்டு மிரட்டல் ட்ரெய்னிங் – 5க்கு 4 குடுப்பேன்

போன மாசம் எங்க ஆபீஸ்ல அரை நாள் ட்ரெய்னிங் வெச்சாங்க, பாம் மிரட்டல் வந்தா என்ன பண்ணணும்னு. ஃபயர் ட்ரில் மாதிரிதான் இருக்கும், மணி அடிச்சா எறங்கி போய் நிப்போம்னு நெனச்சுதான் போய் உக்காந்தேன். அது எவ்ளோ தப்புன்னு அரை மணி நேரத்துலயே புரிஞ்சுது. மிரட்டல் வந்த ஒடனே ஃபயர் அலாரத்த அமுக்கவே கூடாதாம், ஏன்னா எல்லாரும் ஒரே நேரத்துல வழக்கமான படி வழியா ஓடுவாங்க, குண்டு அந்த வழியிலயே கூட இருக்கலாம். தீன்னா எதையும் எடுக்காம ஓடணும், இதுல வெளிய போகச் சொன்னா அவங்கவங்க பைய கையோட எடுத்துட்டு போகணும், அப்பதான் தேடறப்ப யாரோடதுன்னு தெரியாத பை கொறையும்.

எனக்கு ரொம்ப புடிச்சது போன் ஒத்திகை. ட்ரெய்னர் பக்கத்து ரூம்ல இருந்து ரிசப்ஷனுக்கு கூப்ட்டார். ஒத்திகைன்னு தெரிஞ்சும் எங்க ரிசப்ஷன் அக்காவுக்கு பேனா புடிச்ச கை நடுங்குச்சு. ஆனா முன்னாடி ஒரு தாள் இருந்துச்சு, எப்ப வெடிக்கும், எங்க இருக்கு, பாக்க எப்டி இருக்கும், ஏன் வெச்சீங்கன்னு கேள்விங்க வரிசையா அச்சடிச்சு, அக்கா அத பாத்து பாத்தே கேட்டு அவர பேச வெச்சுட்டாங்க. கீழ 'ஃபேன் சத்தம், மூச்சு வாங்குது'ன்னு எழுதிருந்தாங்க பாருங்க, அந்த மாதிரி விஷயந்தான் போலீசுக்கு வேணுமாம். அந்தப் பக்கம் கட் பண்ணாலும் நாம ரிசீவர வெக்கக் கூடாது, வேற போன்ல இருந்து போலீச கூப்டணும். ஒவ்வொரு போன் பக்கத்துலயும் இந்தத் தாள் இருக்கணும்ங்க, அது இல்லாத ஆபீஸ்ல வேல பாக்கறவங்க நாளைக்கே கேட்டு வாங்கி வைங்க.

அப்பறம் தூரம். அமெரிக்க அரசு போட்ட அட்டவணைய காமிச்சார், 5 பவுண்டு பைப் பாமுக்கே (குழாய்க்குள்ள வெடிமருந்து அடைச்சது) குண்டுலேர்ந்து 70 அடிக்குள்ள, கட்டடத்துக்கு உள்ளயோ வெளியயோ, யாரும் இருக்கவே கூடாது, வெளிய திறந்தவெளில நிக்கறதா இருந்தா 1,200 அடி தள்ளி இருக்கணும். சூட்கேஸ் அளவுன்னா 150 அடி, 1,850 அடி. நாங்க இத்தன வருஷமா ட்ரில்லுக்கு எறங்கி வந்து கூடற எடம் எங்க கண்ணாடி சுவருக்கு நேர் கீழ! வெடிச்சா பறக்கற கண்ணாடிதான் நெறைய பேர கிழிக்கும்னு சொன்னதும் ஹாலே அமைதியாயிடுச்சு. அன்னிக்கே எடத்த மாத்திட்டாங்க.

தேடறது ஏதோ போலீஸ் வேல மட்டும்னு நெனச்சிட்டிருந்தேன், ஆனா நம்ம மேசை கிட்ட எது புதுசுன்னு நமக்குத்தான தெரியும். பாத்தா தொடாதீங்க, நகத்தாதீங்க, அது கிட்ட நின்னு மொபைல் யூஸ் பண்ணாதீங்க, தள்ளி வந்து சொல்லுங்க, அவ்ளோதான். ட்ரெய்னர் ஒளிச்சு வெச்ச பைய பிரிண்டருக்குப் பின்னாடி இருந்து கண்டுபுடிக்க எங்களுக்கு 20 நிமிஷம் ஆச்சு.

ஒரு ஸ்டார் கொறைக்க காரணம் ரெண்டு. ஈமெயில்ல வர்ற மிரட்டல அஞ்சே நிமிஷத்துல முடிச்சிட்டாங்க, டெலீட் பண்ணாதீங்கன்னு ஒரு வரி, அது பத்தாது. இன்னொண்ணு, ஹவுஸ்கீப்பிங் ஆளுங்களையும் நைட் ஷிஃப்டையும் கூப்டவே இல்ல, மூல முடுக்கெல்லாம் தெரிஞ்சவங்களே அவங்கதான், இதுல எங்க ஆபீஸ் மேலயும் தப்பு இருக்கு. அவங்களுக்குன்னு தனியா ஒரு செஷன் கேட்டு எழுதிக் குடுத்திருக்கேன், நடந்ததும் இங்கயே போடறேன்.