ஜான் ஜான்சனா, ஹுவானனா?

பெலேவுக்குச் சிலை வைத்த பெங்களூரு கௌதம்புரத்தில், அல்சூர் பக்கத்துத் தமிழ்ப் பையன்களிடம் பெங்களூரு எஃப்சி கால்பந்து கிளப்பின் முரட்டுத் தடுப்பாளர் யார் என்று கேட்டால் சண்டைதான். என் ஓட்டு ஜான்சனுக்கு.

இங்கிலாந்தின் மிடில்ஸ்பரோ கிளப்பின் அகாடமியில் வளர்ந்த ஆங்கிலேயர். 2013இல் கிளப் தொடங்கியபோதே வந்துவிட்டார்; முதல் சீசனிலேயே, அன்று நாட்டின் முதல் நிலை லீக்காக இருந்த ஐ-லீக் கோப்பை. சென்டர் பேக் (நடுத் தடுப்பு), ரைட் பேக் (வலப்பக்கத் தடுப்பு), எங்கே நிறுத்தினாலும் சரி, எதிராளி பந்தைத் தொடும் நொடியில் சறுக்கிக்கொண்டு வந்து நிற்பார். சொந்த மைதானமான கண்டீரவாவின் மேற்கு ஸ்டாண்டு ரசிகர்களுக்கு அது பாதி கோல் மாதிரி. தவறினால் மஞ்சள் அட்டை, பின்னால் பெரிய இடைவெளி. அந்த விலையையும் சேர்த்துத்தான் அவரைப் பிடித்தது.

2016இல் வந்த ஸ்பானியர் ஹுவானன் வேறு ரகம். இடது காலால் ஆடுபவர், தலைக்கு மேல் வரும் பந்தில் கெட்டிக்காரர். முதலில் இடத்தைப் பிடிப்பார், அப்புறம்தான் மோதுவார். சட்டையில் மண் படாமல் வேலை முடியும். 2019இல் கிளப் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) வென்றபோது அணியில் இருந்தவர். ஜான்சன் அதற்குள் கொல்கத்தா அணிக்குப் போய்விட்டார்.

இருவரும் சேர்ந்தே ஆடிய 2018 ஐஎஸ்எல் இறுதிப்போட்டியில் சென்னையின் எஃப்சி அணி பெங்களூருவை 3-2 என்று வென்றது. அந்த அணியின் மெய்ல்சன் ஆல்வஸ் மட்டும் தலையால் 2 கோல். அன்று பெங்களூரு ஆஸ்டின் டவுனில் பாதித் தமிழ் வீடுகளுக்கு யார் பக்கம் நிற்பது என்றே குழப்பம்.

கோப்பை வேண்டுமென்றால் ஹுவானன். டிக்கெட் காசுக்கு ஜான்சன்.